பிடிக்க ஆளில்லாத ஊரில் ஒரு ஐஸ் டீ

1

என் வீட்டுக்காரர் ஒரு கிழவரை அடித்து, அவர் நெற்றி பிளந்து, போன வாரத்தோடு ஒரு வருஷம் முடிந்தது. காரணம் ஐஸ் டீ. இதை எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொன்னாலும் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. குடி, நிலம், பொம்பளை என்று ஏதோ பெரிய சங்கதியை மூடி மறைக்கிறேன் என்று நினைக்கிறார்கள். திருத்தணியிலிருந்து என் ஓரகத்தி போனில் கேட்டாள்.

"யக்கா, மெய்யாலுமே டீக்கோசரமா? அந்த டீயில ஐஸு வேற போடுவாங்களா?"

"ஆங். கிளாஸு நெறைய."

"அப்ப அடிச்சதுல தப்பே இல்ல, போ."

அவளுக்குச் சிரிப்பு. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். போனை வைத்துவிட்டேன். அந்தக் கிழவரின் ரத்தத்தை என் கையால் துடைத்தவள் நான். அந்த வாடை என் விரலை விட்டுப் போக நாளாயிற்று. அதனால் ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் அப்புறம் சிரித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், தெற்கே, ஜார்ஜியா மாநிலத்தில். இரண்டு நெடுஞ்சாலைகள் வெட்டிக்கொள்கிற ஒரு சின்ன ஊர். ஒரு பெட்ரோல் பங்க், அதை ஒட்டி ஒரு கடை. கடையை நாங்கள் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறோம். வீட்டுக்காரர் பெயர் தணிகாசலம். என் தாய்மாமன் மகன். சின்ன வயசிலிருந்து பாவா என்று கூப்பிட்டுப் பழகிய வாய், இங்கேயும் பாவா என்றுதான் எழுதும். ஒரு ஹோட்டலுக்குச் சமையல்காரராக வந்தார், முதலாளி எழுதிக்கொடுத்து கிரீன் கார்டு கிடைத்தது. மகள் வள்ளி இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தவள், பக்கத்து நகரத்துக் காலேஜில் படிக்கிறாள். அவள் இந்த நாட்டுப் பிரஜை, நாங்கள் இல்லை. அந்த வித்தியாசம் என்னவென்று போன வருஷம்தான் எனக்கு உறைத்தது.

2

டீயைச் சொல்லாமல் அடியைச் சொன்னால் புரியாது.

இந்தத் தெற்குச் சீமையில் சாப்பாட்டோடு தண்ணீர் கேட்க மாட்டார்கள், டீ கேட்பார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்து, டீத்தூள் பைகளைக் கொத்தாகக் கட்டி அதில் முக்குவார்கள். ஆப்ப சோடா ஒரு சிட்டிகை, கசப்பை எடுக்க. பைகளை வெளியே எடுத்ததும், சூடு இருக்கும்போதே சர்க்கரையைக் கொட்டிக் கிளறுவார்கள். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிற அளவுக்குச் சர்க்கரை. அப்புறம் பச்சைத் தண்ணீர் விட்டுக் குளிர வைத்து, தம்ளர் முட்ட ஐஸைப் போட்டு அதன் மேல் ஊற்றிக் கொடுப்பார்கள். பால் கிடையாது. இந்த ஊரில் கல்யாணத்துக்கும் இதுதான், சாவுக்கும் இதுதான்.

வடக்கே நியூயார்க் பக்கத்து ஆட்கள் நெடுஞ்சாலை வழியாகப் போகும்போது நம் கடையில் இறங்குவார்கள். அவர்களுக்குச் சர்க்கரை போட்ட டீயைக் கொடுத்தால் முகம் சுளிப்பார்கள். வெறும் கசப்பு டீ, ஒரு எலுமிச்சைத் துண்டு, முடிந்தது. உள்ளூர்க்காரர்கள் அவர்களைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். அதனால் எல்லாக் கடையிலும் குழாய் வைத்த இரண்டு எவர்சில்வர் டிரம் இருக்கும். ஒன்று இனிப்பு, ஒன்று வெறும் டீ.

பக்கத்துக் கடை ஒரு தாய்லாந்துக்கார அம்மாளுடையது. அவள் போடுகிற ஐஸ் டீ செங்கல் நிறம். நம்மைப் போலவே துணிப்பையில் டீத்தூளைப் போட்டு வடிகட்டுவாள், சுண்டக் காய்ச்சிய டின் பாலை ஐஸ் மேல் ஊற்றுவாள். அந்தத் துணிப்பையைப் பார்த்த அன்றே பாவா அவளைக் கூடப் பிறந்தவள் என்று சொல்லிவிட்டார். பினாங்கில் இருக்கிற பாவாவின் சித்தப்பா மகன் வேறு மாதிரி: பால் டீயைத் தூக்கி ஆற்றி, நுரையோடு ஐஸில் விழ விடுவானாம். சென்னையில் என் தம்பி மகன் குடிப்பது எலுமிச்சை வாசனை அடிக்கிற பொடி, தண்ணீரில் கலக்கினால் ஐஸ் டீ. "அது டீ இல்ல, ஜுரத்துக்குக் குடுக்கற மருந்து" என்பார் பாவா.

அவருக்கு ஐஸ் டீயே பிடிக்காது. அவர் அப்பா, அதாவது என் மாமா, திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர். அங்கே ஆறிப்போன டீ சாக்கடைக்குப் போகும். ஆறிய டீயை ஒருவன் கையில் கொடுத்தால், உனக்கு இது போதும் என்று சொன்ன மாதிரி. அப்படிப்பட்ட கடையில் வளர்ந்த மனுஷன் இங்கே நாள் முழுக்கச் சில்லிட்ட டீயைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் சில வருஷம் குழாயைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

போன வருஷம் வெயில் காலத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. எதற்கு இரண்டு டிரம்? நம் ஊர் டீக்கடையில் சர்க்கரையை மொத்தமாகவா போடுகிறோம்? ஒருத்தருக்குக் கம்மி, ஒருத்தருக்குத் தூக்கல், ஒருத்தருக்குச் சர்க்கரையே வேண்டாம். ஆளைப் பார்த்து, கிளாஸைப் பார்த்து, ஸ்பூனால் போட்டு ஆற்றிக் கொடுக்கிறோம். அதுதானே மரியாதை. ஒரே டிரம், வெறும் டீ. கேட்கிறவருக்குக் கேட்கிற அளவு சர்க்கரை நம் கையால்.

வள்ளி அன்றைக்குக் கடையில் இருந்தாள். "ப்பா, இங்க அப்படிப் பண்ணக் கூடாது. ஸ்வீட் டீயில கை வெக்காதீங்க. ஊரே கோவிச்சுக்கும்."

"எனக்கே நீ டீ சொல்லிக் குடுக்கறியா? போயி படிக்கிற வேலயப் பாரு."

எனக்கும் அது சரியான யோசனை என்றே பட்டது. நானும் கொதிக்கிற டீயில் சர்க்கரை போட்டே வளர்ந்தவள். ஐஸ் தண்ணீரில் சர்க்கரை எங்கே கரையும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. டீ என்றால் எங்களுக்குச் சூடுதான்.

3

இப்போது எங்கள் ஊர்ச் சண்டையைப் பற்றி.

ஆடிக் கிருத்திகை அன்றைக்குத் திருத்தணியில் கால் வைக்க இடம் இருக்காது. நகரி, புத்தூர், சித்தூர் என்று ஆந்திராப் பக்கமிருந்து காவடி தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பாதி, நம் பக்கத்து ஜனம் பாதி. அந்த மாதிரி ஒரு கிருத்திகைக்கு நான் மாமா கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு வேன் டிரைவர், தெலுங்கு ஆள், ஒரு வாய் குடித்துவிட்டு, இது டீயா வெந்நீரா என்று மீதியை மாமாவின் மேடை மேல் கவிழ்த்தார்.

டீ மேடை மேல் டீயைக் கவிழ்ப்பது மூஞ்சியில் துப்புவதற்குச் சமம். மாமா கையிலிருந்த பித்தளைக் குவளையோடு எகிறினார். அவர் மூன்றாவது அடி வைப்பதற்குள் பூக்கட்டுகிற அம்மா அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஆட்டோக்காரர் ஒருவர் டிரைவரின் இரண்டு அக்குளிலும் கையை விட்டுத் தூக்கிவிட்டார். முருகனுக்கு மொட்டை போட்டு வந்த நாலு பேர் நடுவில் புகுந்தார்கள். அவர்கள் தோளுக்கு மேலாக மாமா தமிழிலும் தெலுங்கிலும் அந்த டிரைவரின் அம்மாவைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. டிரைவரும் குறை வைக்கவில்லை. குவளை மட்டும் பறந்துபோய்ப் பால் குண்டானில் மோதியது.

கிட்டத்தில் நின்று பார்த்ததால் எனக்கு ஒன்று தெரியும். மாமா எகிறுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் தோளைப் பின்னால் தள்ளிப் பார்ப்பார். பிடி இறுகித்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் முழு பலத்தோடு பாய்வார். பூக்கார அம்மாவின் பிடி கொஞ்சம் தளர்ந்தபோது, "கெட்டியா புடிம்மா, கொன்னுடப் போறேன் அவன" என்று அவரே சொன்னதை நான் கேட்டேன்.

பாவா அந்தக் கடையில் அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். பஸ் சீட்டுக்கு எகிறியிருக்கிறார், கிரிக்கெட்டுக்கு எகிறியிருக்கிறார், எங்கள் கல்யாணத்தில் பந்தியில் வடை வரவில்லை என்று சொன்ன என் பெரியப்பா மேல் மாலையோடு எகிறியிருக்கிறார். எப்போதும் யாராவது பிடித்திருக்கிறார்கள். ஐம்பது வயசு வரை அந்த மனுஷன் கை ஒருவர் மேலும் பட்டதில்லை.

எங்கள் ஊரில் ரத்தமே விழாது என்று நான் கதை விடவில்லை. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்புக் கொல்லையில் என் சித்தப்பாவை அவருடைய சொந்தப் பங்காளியே வெட்டினான். மோட்டார் தண்ணீர் யாருக்கு முதலில் என்கிற தகராறு. விடிகாலை, சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கரும்பு, கூப்பிடு தூரத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அவரைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தபோது என் நைனா தலையில் அடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். "புடிக்க ஒரு ஆளு இல்லாம பூட்டானே." வெட்டினவனைக்கூட அவர் அவ்வளவு திட்டவில்லை.

4

மிஸ்டர் டேல் எழுபதைத் தாண்டியவர். பெரிய லாரி ஓட்டி ஓய்வெடுத்தவர். மனைவி இறந்த பிறகு தினமும் மத்தியானம் எங்கள் கடைக்கு வந்து ஒரு பெரிய தம்ளர் இனிப்பு டீ வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று குடிப்பார். அவர் மனைவி போடுகிற டீக்கு அடுத்தபடி எங்களுடையதுதான் என்று ஒரு நாள் சொல்லியிருக்கிறார். அவர் பேச்சை நான் எங்கள் திருத்தணிப் பக்கத்து ஆர்.கே.பேட்டைப் பேச்சில்தான் எழுதப் போகிறேன். அவருடைய இங்கிலீஷும் அப்படித்தான், பட்டணத்து ஆளுக்குப் பாதி புரியாது.

வள்ளி காலேஜுக்குத் திரும்பிப் போன மறுநாள் பாவா டிரம்மை ஒன்றாக்கி, மிஸ்டர் டேலுக்கு ஸ்பூன் ஸ்பூனாகச் சர்க்கரை போட்டு, ஐஸ் போட்டு, மலர்ந்த முகத்தோடு கொடுத்தார். அவர் ஒரு வாய் குடித்தார். கசப்பு. மறுபடி குடித்தார், கசப்பு. தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சர்க்கரை அத்தனையும் அடியில் தங்கியிருந்தது.

"இன்னாய்யா இது, மண்ண வாரிப் போட்டு வச்சிக்கிற?"

"கலக்கிக் குடிங்க, கரையும்."

"நான் பொறந்ததுலேந்து இத்தக் குடிச்சிக்கினு வரேன். ஐஸுல எங்கயா சக்கர கரையும்? எம் பொண்டாட்டி இத்தப் பாத்திருந்தா செவுத்துல அடிச்சிருப்பா."

அவர் தம்ளரைக் கல்லா மேடை மேல் கவிழ்த்தார். டீயும் ஐஸும் சர்க்கரையும் மேடையில் ஓடிப் பாவாவின் சட்டையில் வழிந்தன.

"இந்தக் கருமத்த உங்க ஊர்லயே போயி வித்துக்க."

நான் பின்னால் குளிர் அறையில் பால் கேன்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வருவதற்குள் பாவா மேடையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கையை ஓங்கிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, அவர் அப்பா மாதிரியே மெதுவாகத்தான் வந்தார். பிடிக்கிறவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டுமே. கடையில் மின்கம்ப வேலைக்காரர்கள் இரண்டு பேர், ஸ்கூல் பஸ் ஓட்டுகிற ஒரு அம்மாள். மூன்று பேருமே நல்லவர்கள், தினமும் வருகிறவர்கள். மூன்று பேரும் மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார்கள்.

பாவா தோளைப் பின்னால் தள்ளினார். பின்னால் காற்றுதான் இருந்தது. இன்னொரு அடி வைத்தார், இன்னொன்று. கிழவரிடம் போய்ச் சேர்ந்தேவிட்டார். ஓங்கிய கையை அதற்கு மேல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இறக்கினார். இறக்கிய இடத்தில் மிஸ்டர் டேலின் முகம் இருந்தது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஐஸ் மூட்டைகள் வைக்கிற இரும்புப் பெட்டியின் முனையில் கிழவரின் தலை பட்டதுதான் பெரிய சத்தம். புருவத்திலிருந்து மேலே நெற்றி வரை பிளந்து, கண் தெரியாமல் ரத்தம் கொட்டியது. பாவா அவரைப் பார்க்கவில்லை. ஒதுங்கி நின்ற அந்த மூன்று பேரையும் திரும்பிப் பார்த்து, தமிழில் கேட்டார்.

"யோவ், புடிக்க மாட்டீங்களா?"

5

மிஸ்டர் டேலின் மகன் டிராவிஸ் வெளியே பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தான். உள்ளே வந்து அப்பாவைப் பார்த்தான். இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்வது இந்த ஊரில் சகஜம். எடுத்துப் பாவாவின் நெஞ்சுக்கு நேராக நீட்டினான். கடையில் இருந்தவர்கள் தரையில் படுத்துவிட்டார்கள். பாவா மட்டும் நின்றுகொண்டிருந்தார், கோயிலில் நிற்கிற மாதிரி இரண்டு கையும் கூப்பியிருந்தது.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நானும் படுத்திருப்பேன். எங்கள் ஊரில் சண்டையில் அவரவர் ஆளை அவரவர் பிடிப்பதில்லை. யார் கை அதிகம் ஆபத்தோ அவனை, கிட்டத்தில் இருக்கிறவர் பிடிக்க வேண்டும். நான் டிராவிஸுக்குப் பின்னால் இருந்தேன். போய் அவன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அவன் என்னை விட ஒரு முழம் உயரம். என் முகம் அவன் முதுகில் அழுந்தியது. வேர்வையும் பெட்ரோலும் நாறியது.

"வேணா ராஜா. வேணாண்டா கண்ணு. உங்கப்பாவப் பாருடா, உங்கப்பாவப் போயி பாரு."

தமிழில்தான் சொன்னேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. அவன் திமிறினான், முழங்கையால் என் விலாவில் இடித்தான், மூச்சு நின்றது. நான் விடவில்லை. அந்தத் திமிறலில் குண்டு எங்கே வேண்டுமானாலும் பாய்ந்திருக்கலாம், எனக்குள்கூட. கொஞ்ச நேரம் கழித்து அவன் கை தானாகக் கீழே வந்தது. துப்பாக்கியைச் சிப்ஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவே வைத்துவிட்டு, அப்பாவிடம் போய் முட்டி போட்டு உட்கார்ந்து அழுதான். நான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

போலீஸ் வந்தது. கேமராவைப் பார்த்தார்கள். பாவாவுக்கு விலங்கு மாட்டியது எனக்குப் புரிந்தது. எனக்கும் மாட்டினார்கள். ஆயுதம் வைத்திருந்தவனைப் பின்னாலிருந்து தாக்கினேனாம்.

6

வள்ளி காலேஜிலிருந்து வந்தாள். என்னை மறுநாள் விட்டுவிட்டார்கள். கார் ஓட்டிக்கொண்டே கேட்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏம்மா அவனைத் தொட்ட? ஒருத்தர் உடம்ப அவங்க கிட்ட கேக்காமத் தொடவே கூடாது. சுட்டிருப்பான்."

"தொடலன்னா உங்கப்பன் பொணமா கெடந்திருப்பாரு."

"அப்பா பண்ணினது?"

"தப்புதான். யாரு இல்லன்னா?"

"போன்ல எங்கிட்ட சண்டன்னு சொன்ன. சண்ட இல்லம்மா அது. ஒரு தாத்தாவ அடிச்சிருக்காரு."

அதற்குப் பிறகு அவள் அப்பாவிடம் பேசவில்லை. என்னிடம் பேசினாலும் அவர் வந்ததும் போனை வைத்துவிடுவாள். தீபாவளிக்கு வரவில்லை. இந்த நாட்டில் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போவார்கள் என்று எழுதுவார்கள். எங்கள் பெண் ஒரே நாளில் போனாள்.

வக்கீல் சொன்னது இன்னும் மோசம். வயசானவரை அடித்த வழக்கு கனமானது. அந்தப் பிரிவில் குற்றம் நிரூபணமானால் சிறை, சிறை முடிந்ததும் கிரீன் கார்டைப் பிடுங்கி இந்தியாவுக்கு ஏற்றிவிடுவார்கள், திரும்ப உள்ளே விட மாட்டார்கள். மகள் இங்கே, அவர் அங்கே. பேசாத மகள் பேசாமலே இருந்துவிடுவாள். "அனுப்பட்டும்" என்றார் ஜாமீனில் வீட்டுக்கு வந்திருந்த பாவா. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை நான் அடித்திருப்பேன். அப்போது என்னைப் பிடிக்கவும் வீட்டில் யாரும் இல்லை என்பது ஞாபகம் வந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

கோர்ட்டில் மொழிபெயர்ப்புக்குப் போனில் ஒருவர் வந்தார். முகம் தெரியாது, மதுரைப் பக்கத்துப் பேச்சு. நீங்கள் அடிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் போனீர்களா என்று ஜட்ஜ் அம்மாள் கேட்டதாகச் சொன்னார்.

"இல்லீங்க. எகிறினு போனேன். புடிப்பாங்கன்னு நெனச்சிக்கினு போனேன்."

போனில் அவர் "ஆத்தாடி" என்று முனகினார். அந்த மனுஷருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு எப்படியோ நீட்டி விளக்கி இங்கிலீஷில் சொன்னார். யார் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார் என்று ஜட்ஜ் திரும்பக் கேட்டார்.

"யாராவதுங்க" என்றார் பாவா.

மிஸ்டர் டேலும் வந்திருந்தார். நெற்றித் தழும்பு சிவப்பாக இருந்தது. அவரைப் பேசச் சொன்னபோது எழுந்து நின்றார். "இந்தாள நாட்ட வுட்டுத் தொரத்தற வேலயெல்லாம் எனக்கு வாணாம். இவம் பொண்டாட்டி புடிக்கலன்னா எம் புள்ள இன்னைக்கி கொலகாரன். அத்த நான் மறக்க மாட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். பாவாவின் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தப் பேச்சினால் வழக்கைச் சின்னப் பிரிவுக்கு மாற்றினார்கள், கிரீன் கார்டு தப்பியது. என் மேல் இருந்ததைத் தள்ளிவிட்டார்கள். பாவாவுக்குக் கைதான நாளிலிருந்து கணக்கிட்டு ஒரு வருஷம் கண்காணிப்பு, கோபத்தை அடக்குகிற வகுப்பு, மிஸ்டர் டேல் இருக்கிற திசைக்கே போகக் கூடாது என்று உத்தரவு. ஆளும் போகக் கூடாது, ஆள் மூலம் செய்தியும் போகக் கூடாது. ஊராக இருந்தால் நாலு பெரியவர்களோடு பழத்தட்டு எடுத்துக்கொண்டு போய் வாசலில் நிற்கலாம், அவர் நாலு வார்த்தை திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம். இங்கே மன்னிப்புக் கேட்டால் அதுவே இன்னொரு குற்றம்.

கோப வகுப்பில் வட்டமாக உட்கார வைத்து மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தார்கள். "எனக்கு கோவம் பிரச்சன இல்லடி. ஆள் இல்ல. அதான் பிரச்சன" என்று வந்து சொன்னார். அதைக் கேட்டு நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் குரலே எழும்பவில்லை. கத்திக் கத்தியே குடித்தனம் நடத்தின மனுஷன் இட்லி கல்லாக இருந்தாலும் பேசாமல் சாப்பிட்டார். சும்மா இருக்கும்போது வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு முகத்தை உடைக்கிற பலம் அதில் இருந்தது அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தக் கை என் தட்டில் சோறு போடும்போது எனக்கே ஒரு கணம் உடம்பு கூசும். அதை அவர் கவனித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடையில் பழையபடி இரண்டு டிரம். நான்தான் டீ போட்டேன், சூட்டிலேயே சர்க்கரையைக் கொட்டி.

7

போன வாரம் உத்தரவு முடிந்தது. முடிந்த மறுநாள் மத்தியானம் மிஸ்டர் டேலின் வண்டி வந்து நின்றது. கூட டிராவிஸ். இடுப்பில் ஒன்றும் இல்லை என்று முதலில் பார்த்துக்கொண்டேன். வள்ளி லீவுக்கு என்னைப் பார்க்க வந்திருந்தாள், கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா ஒரு கோடியில், அவள் ஒரு கோடியில்.

பாவா கையைக் கூப்பிக்கொண்டு வெளியே வந்தார். ஒரு வருஷமாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்த இங்கிலீஷ் மன்னிப்பைச் சொல்லத் தொடங்கினார். மிஸ்டர் டேல் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கோர்ட்டு அதும் பங்க வாங்கிக்கிச்சு. எம் பங்கு நிக்கிது."

தொப்பியைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார். எனக்குப் புரிவதற்கு முன்னால் பாவாவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மேடை மேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நேராக நின்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அந்த வருஷம் முழுக்கப் பார்க்கவில்லை. டிராவிஸ் என்னைப் பார்த்தான். பிடிக்கட்டுமா என்று அவன் கண் கேட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

வள்ளி கல்லாவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வந்தாள். நான் குறுக்கே விழுந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். என்னை விட உயரம், என்னை விட பலம். என்னை இழுத்துக்கொண்டே இரண்டு அடி நகர்ந்துவிட்டாள்.

"விடும்மா! அப்பாவ அடிக்கறாரும்மா, விடு!"

அப்பா என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அடி விழுந்தது. கிழவரிடம் இன்னும் லாரி ஓட்டின பலம் இருந்தது. பாவா டீ டிரம் மேல் போய் மோதினார், உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கியது. கையைப் பின்னாலிருந்து எடுக்காமலே மறுபடி நேராக நின்றார், இன்னும் இருந்தால் கொடுங்கள் என்கிற மாதிரி. மிஸ்டர் டேல் வலித்த கையை உதறிக்கொண்டு, போதும் என்றார். தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா என்னப் புடிச்ச?" வள்ளி அழுதுகொண்டே திமிறினாள். அவள் கண் கிழவரின் மேல் இருந்தது. "என்ன ஏன் புடிச்ச? அவரத்தான புடிச்சிருக்கணும்!"

"உங்கப்பாவுக்கு அது வேணும் கண்ணு. ஒரு வருசமா அதுக்குத்தான் நின்னுகினு கெடந்தாரு."

பாவா புறங்கையால் ரத்தத்தைத் துடைத்தார். மகளைப் பார்த்தார். அவள் ஓங்கி வைத்திருந்த கையைப் பார்த்தார். அப்புறம் பழைய குரலில், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துக் கத்தினார்.

"அடியே, கெட்டியா புடிடி. பூந்து அடிச்சிடப் போறா."

நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.